எம்.டி.க்கு வைத்த பொட்டு

அந்தக் கம்பெனியில் ஒரு வரைபடம் சிவப்பு மை படாமல் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. பம்பு தயாரிக்கிற கம்பெனி. எந்தப் பம்பானாலும் முதலில் வரைபடம், வரைபடத்தின் கீழ் மூலையில் ஐந்து கட்டங்கள், ஐந்து கட்டத்துக்கு ஐந்து கையெழுத்து. பர்ச்சேஸ் மேனேஜர், சேல்ஸ் மேனேஜர், சேஃப்டி ஆபீசர், பணிமனை ஃபோர்மேன், கடைசியாக எம்.டி. கையெழுத்துப் போடுகிற ஒவ்வொருவரும் ஒரு தப்பையாவது கண்டுபிடித்துச் சிவப்பில் சுழித்துவிட்டுத்தான் போடுவார். சும்மா போட்டால், சும்மா உட்கார்ந்து சம்பளம் வாங்குகிறான் என்று பேர் வந்துவிடுமே! தப்பில்லாத படம் கையில் கிடைத்தால் அவர்களுக்கு உடம்பு வேர்த்துவிடும். நன்றாக இருக்கிற இடத்தில் கை வைப்பார்கள். அப்படித்தான் ஒரு தண்ணீர்ப் பம்பின் கைப்பிடியை அழகுக்காக இடம் மாற்றச் சொல்லி, அது மூடியைத் திறக்கவிடாமல் குறுக்கே நின்றது. அந்தப் பம்பைச் சுத்தம் செய்ய வேண்டுமென்றால் முதலில் ரம்பம் எடுக்க வேண்டும்.

வரைபடம் போடுகிறவர்கள் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? ஒரு வழி கண்டுபிடித்தார்கள். படத்தை ஒழுங்காக வரைந்துவிட்டு, ஆளுக்கொரு தப்பை வேண்டுமென்றே உள்ளே வைப்பது. பெரியவர்களின் கண் அந்தத் தப்பில் விழும், அதைச் சுழித்துவிட்டுத் திருப்தியோடு கையெழுத்துப் போடுவார்கள், பம்பு பிழைத்துக்கொள்ளும். குழந்தையின் கன்னத்தில் வைக்கிற திருஷ்டிப் பொட்டின் வேலைதானே இதுவும்! அதனால் வரைபடப் பிரிவில் அதற்குப் பொட்டு என்றே பேர். "எல்லாருக்கும் பொட்டு வெச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் எந்தப் படமும் மேலே போகும்.

பொட்டு வைப்பதில் ஸ்கேலாரை மிஞ்ச ஆள் கிடையாது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு ஸ்டீல் ஸ்கேல் நீட்டிக்கொண்டிருப்பதால் வந்த பேர் ஸ்கேல். வயசு ஐம்பதை நெருங்கியதும் மரியாதைக்கு ஓர் 'ஆர்' சேர்ந்துகொண்டது. பத்தொன்பது வருஷ சர்வீசில் யாருக்கு எந்தப் பொட்டு ருசிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. பர்ச்சேஸ் மேனேஜருக்குப் பித்தளைத் திருகாணி. அதை அடித்துவிட்டு இரும்பு என்று எழுதினால் அவருக்கு அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம். சேல்ஸ் மேனேஜருக்கு ஏதாவது அழுக்குக் கலர். சேஃப்டி ஆபீசருக்கு எர்த் வயர் இல்லாத மோட்டார். ஃபோர்மேன் விஷயம் தெரிந்தவர், சிநேகிதர். ஓர் அளவை விட்டு வைத்தால் அதை எழுதிவிட்டுக் கண்ணடிப்பார். எம்.டி.க்கு மட்டும் பொட்டு பெரிதாக இருக்க வேண்டும். அவர் மூக்குக் கண்ணாடி போட மாட்டார். போட்டால் வயசாகிவிட்டது என்று ஆகிவிடுமாம்.

இப்போது ஸ்கேலார் மேலே அனுப்பவிருந்தது ஒரு சின்னக் காற்றுப் பம்பு. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களுக்கான காற்று மெத்தைக்கு ஊதுகிற பம்பு. ஒரு சாண் நீளக் குழாய். அதற்குள் முன்னும் பின்னும் போய்வருகிற ஒரு பிஸ்டன். அதை ஆட்ட ஒரு குட்டி மோட்டார். குழாயின் மூடியில் இரண்டு ஓட்டை, ஒவ்வொன்றிலும் விரல்நகம் அகலத்துக்கு ஒரு ரப்பர் நாக்கு. பிஸ்டன் பின்னால் போனால் ஒரு நாக்கு திறந்து வெளிக்காற்றை உள்ளே விடும். முன்னால் வந்தால் அது மூடிக்கொள்ளும், அடுத்த நாக்கு திறந்து காற்றை மெத்தைக்கு அனுப்பும். அழுத்தம் என்று பார்த்தால் பலூனை வாயால் ஊதுகிற அளவுதான். அதற்கு மேல் எதற்கு? ஓர் ஆளைத் தாங்க அது போதும். பழுதாக அதில் ஒன்றும் இல்லை, சத்தமும் இல்லை. இதை வரைந்த அன்று ஸ்கேலாருக்கே தன் மேல் ஒரு மதிப்பு வந்தது.

காரணம் வீட்டில் படுத்திருந்தது. மாமனார் முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக நின்றபடியே காலம் தள்ளியவர். எட்டு மாதத்துக்கு முன் இடுப்பு எலும்பு முறிந்து, உட்காரக்கூட முடியாமல் படுக்கையில் விழுந்தார். முதுகின் அடியில் ஒரு புண். காற்று மெத்தை தோல் காயட்டுமென்று பொடிப் பொடி ஓட்டை வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டுக்கொண்டே இருக்கும். பம்பு ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த பம்போ லாரி மாதிரி உறுமி, ஒரு நாள் புகைந்து, ஓய்ந்தது. புதிதாக வாங்கலாம் என்றால் ஸ்கேலாரின் நாலு மாதச் சம்பளம். அன்றிலிருந்து அவர் மனைவி சைக்கிள் பம்பைக் குழாயில் மாட்டி, அரை மணிக்கொரு தடவை கையால் அடித்துக்கொண்டிருந்தாள். தையல் வேலை செய்கிறவள். மெஷின் மேல் துணியைப் போர்த்திவிட்டாள்.

"ஊர் உலகத்துக்கெல்லாம் பம்பு செய்யறீங்க. உங்க வீட்டுப் பம்பு நான்தான்" என்றாள், தோளைத் தேய்த்துக்கொண்டே.

"இன்னும் ரெண்டே வாரம்மா. கையெழுத்து ஆயிட்டா பத்துப் பம்பு செய்வாங்க. வீட்டுல வெச்சுப் பாக்கறதுக்கு முதல் பம்பு நமக்குத்தான். எம்.டி.யே சொல்லிட்டாரு."

"எத்தனை கையெழுத்து?" என்றார் மாமனார், சுவரைப் பார்த்துப் படுத்தபடியே.

"அஞ்சு மாமா."

"நான் ஒரு விசில் அடிச்சா அம்பது பேரோட பஸ்ஸே கிளம்பும் மாப்ளே."

நியாயமாகப் பார்த்தால் ஸ்கேலார் கையால் செய்த மாதிரிப் பம்பு ஒன்று அருமையாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை எம்.டி. பார்த்து மகிழ்ந்து, வரவேற்பறையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, 'எங்கள் புதுமை' என்று பலகை மாட்டிவிட்டார். சொத்துப் பதிவேட்டில் நம்பரும் ஏறிவிட்டது. வெளியே எடுக்க ஐந்து கையெழுத்து வேண்டும்.

ஆகவே ஸ்கேலார் சுத்தபத்தமாகப் படத்தை வரைந்து, நாலு பேருக்கும் வழக்கமான பொட்டுகளை வைத்தார். எம்.டி.க்கு என்ன வைப்பது என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, இரண்டு ரப்பர் நாக்குகளையும் திருப்பி வரைந்தார். உள்ளே திறக்க வேண்டியது வெளியே, வெளியே திறக்க வேண்டியது உள்ளே. அப்படிச் செய்தால் பம்பு மெத்தைக்குக் காற்று ஊதாது, மெத்தையிலிருந்து உறிஞ்சும். இவ்வளவு பெரிய தப்பை ஒரு சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். அம்புக்குறிகளைத் தடிமனாகவும் போட்டார்.

கூட்டத்தில் எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. பர்ச்சேஸ் மேனேஜர் பித்தளையைப் பிடித்தார். சேல்ஸ் மேனேஜர் அந்தக் காவிக் கலரைப் பார்த்து முகம் சுளித்தார். சேஃப்டி ஆபீசர் எர்த் வயரைக் காணோமென்று ஐந்து நிமிஷம் பிரசங்கம் செய்தார். ஃபோர்மேன் கண்ணடித்தார். படம் எம்.டி.யிடம் போனது. எம்.டி. அப்போதுதான் மூன்று நாள் நிர்வாகப் பயிற்சி முகாமுக்குப் போய்த் திரும்பியிருந்தார்.

"அங்க என்னைக் கண்ணை மூடிக்கிட்டு அப்படியே பின்னால சாயச் சொன்னாங்க" என்று ஆரம்பித்தார். "சாஞ்சேன். முன்னப் பின்னத் தெரியாத நாலு பேர் என்னைத் தாங்கிப் பிடிச்சாங்க. அன்னிக்குத்தான் எனக்குப் புத்தி வந்துச்சு. இத்தனை வருஷமா நான் உங்களை நம்பாம ஒவ்வொரு படத்துலயும் தப்புத் தேடிக்கிட்டு இருந்திருக்கேன். இனிமே அது இல்லை."

சொல்லிவிட்டு, நிஜமாகவே கண்ணை இறுக மூடிக்கொண்டு, தடவித் தடவிக் கட்டத்தைக் கண்டுபிடித்துக் கையெழுத்துப் போட்டார். அறையே கைதட்டியது. சேல்ஸ் மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எம்.டி. எழுந்து வந்து ஸ்கேலாரைக் கட்டிப்பிடித்தார். அந்த அணைப்புக்குள் இருந்தபடி ஸ்கேலார் மேசையில் கிடந்த படத்தை எட்டிப் பார்த்தார். நாக்கு இரண்டும் தலைகீழாகவே கிடந்தன.

அன்று மத்தியானமே அவர் பணிமனைக்கு ஓடினார்.

"அந்த நாக்கு ரெண்டும் தலைகீழா இருக்கு, பாத்தியா?"

"பாக்காம என்ன? முதல் பார்வையிலயே தெரிஞ்சுது" என்றார் ஃபோர்மேன். "எம்.டி. பொட்டுன்னு விட்டுட்டேன். அதையும் நானே எடுத்துட்டா மனுஷனுக்கு என்ன மிச்சம்?"

"அவரு எடுக்கலையே! கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுட்டாரே! நீயாவது திருப்பி மாட்டிடுய்யா."

"ஏன், நான் நல்லா இருக்கறது உனக்குப் பிடிக்கலையா? போன வருஷம் படத்துல இல்லாத ஒரு வாஷரைப் போட்டேன், பம்பு ஒழுகக் கூடாதுன்னு. ஒழுகல. எனக்கு மெமோ குடுத்தாங்க. படத்துல எப்படி இருக்கோ அப்படித்தான் செய்வேன். நீ படத்தை மாத்திக்கிட்டு வா."

படத்தை மாற்றத் திருத்தப் படிவம் என்று ஒன்று இருந்தது. கையெழுத்தான படத்தை மாற்ற அதை விட்டால் வேறு வழியில்லை. அதில் மூன்றாவது கட்டம்: தவறு செய்தவர் யார்? ஸ்கேலார் தன் பேரை எழுதினார். நாலாவது கட்டம்: தவற்றைக் கவனிக்கத் தவறியவர்கள், கையெழுத்துடன். அதோடு படிவம் நின்றது. பர்ச்சேஸ் மேனேஜர் தனக்குத் திருகாணி வரைக்கும்தான் பொறுப்பு என்றார். சேல்ஸ் மேனேஜர், உறிஞ்சுகிறது என்று சொல்லக் கூடாது, எதிர்த்திசைத் தொழில்நுட்பம் என்று சொல்லலாம் என்றார். சேஃப்டி ஆபீசர் நிதானமாக யோசித்துவிட்டு, "மெத்தை வெடிக்குமா?" என்று கேட்டார்.

"எப்படி சார் வெடிக்கும்? காத்தே இருக்காதே!"

"அப்ப முன்னைவிடப் பாதுகாப்பு கூடித்தானே இருக்கு?" என்று படிவத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

எம்.டி.யிடமே நேராகப் போய்ச் சொல்லியிருக்கலாம். போனால், ஏன் அப்படி வரைந்தீர்கள் என்று கேட்பார். பத்தொன்பது வருஷ சர்வீஸ் உள்ளவன் நாக்கு எந்தப் பக்கம் திறக்கும் என்று தெரியாமல் வரைந்தேன் என்று சொன்னால் வேலை போகும். தெரிந்தே வரைந்தேன் என்று சொன்னாலும் போகும். ஸ்கேலார் கையைப் பிசைந்துகொண்டு இருந்துவிட்டார். அது கோழைத்தனம்தான், வேறு பேர் கிடையாது. அதற்குள் பணிமனையில் பத்துப் பம்பும் கச்சிதமாக, படத்தில் உள்ளபடியே, தலைகீழாகத் தயாராகிவிட்டன.

சோதனைக்கு நாள் குறித்தார்கள். கூட்ட அறையின் நீள மேசை மேல் காற்று மெத்தையை விரித்து, பணிமனைக் காற்றுக் குழாயால் நிரப்பி, அதில் முதல் பம்பை மாட்டினார்கள். எம்.டி. நம்பிக்கையின் அடையாளமாகத் தானே செருப்பைக் கழற்றிவிட்டு மேலே ஏறிப் படுத்தார். சுவிட்சைப் போட்டார்கள். பம்பு பூனை மாதிரி சத்தமில்லாமல் ஓடியது. எம்.டி.யும் சத்தமில்லாமல் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி சார் இருக்கு?" என்றார் சேல்ஸ் மேனேஜர்.

"நல்லாத்தான் இருக்கு. முதுகுல என்னமோ கெட்டியாப் படுதே?"

"உறுதியான தாங்கல் சார். டாக்டர்களே இதைத்தான் சொல்றாங்க."

"மேசை மாதிரி இருக்கு."

"மேசை அளவுக்கு உறுதி! இதையே விளம்பரத்துல போடலாம் சார்."

மெத்தை எம்.டி.யின் அடியில் அப்பளமாகி, ஓரங்கள் மட்டும் அவர் மேல் ஒட்டிக்கொண்டன. எல்லோரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சேஃப்டி ஆபீசர், உயரம் குறைந்திருப்பதால் விழுந்தாலும் அடிபடாது என்றார். ஸ்கேலாருக்கு அங்கே படுத்திருந்தது மாமனாராகத் தெரிந்தது. கெட்டிப் பலகையில் அந்தப் புண் அழுந்துவதாகத் தெரிந்தது. போதும் என்று ஆகிவிட்டது.

"அது ஊதல சார், உறிஞ்சுது. நாக்கு ரெண்டும் தலைகீழ். நான்தான் வேணும்னே அப்படி வரைஞ்சேன்."

எம்.டி. படுத்தபடியே தலையை மட்டும் திருப்பினார். "வேணும்னேவா?"

"நீங்க கண்டுபிடிக்கறதுக்காக சார்."

பொட்டு விவகாரம் முழுவதையும் ஸ்கேலார் நின்ற இடத்திலேயே கொட்டிவிட்டார். பம்பு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"அப்ப என்னோட பித்தளைத் திருகாணி?" என்று பர்ச்சேஸ் மேனேஜர் ஈனக் குரலில் கேட்டார்.

"அதுவும்தான் சார்."

எம்.டி. மெல்ல எழுந்து உட்கார்ந்தார். "இத்தனை வருஷத்துல நான் கண்டுபிடிச்சதுல, நானா கண்டுபிடிச்சது எத்தனை?"

ஸ்கேலார் சட்டைப் பையிலிருந்த ஸ்கேலை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். எம்.டி. அதையே பதிலாகக் கேட்டுக்கொண்ட மாதிரி தலையை ஆட்டினார். திட்டுவார், சீட்டைக் கிழிப்பார் என்று எதிர்பார்த்தால் மனிதர் கைகுலுக்கினார். "உண்மையைச் சொன்னதுக்கு நன்றி. இனிமே பொட்டே கிடையாது. தப்பில்லாத படத்தைக் கொண்டாங்க. நான் நிஜமாப் பாத்து, நிஜமான தப்பைக் கண்டுபிடிச்சு, அப்புறம்தான் கையெழுத்து." பத்துப் பம்பையும், விசாரணை முடியும்வரை, சேஃப்டி ஆபீசர் பீரோவில் வைத்து அரக்கு முத்திரை போட்டார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஸ்கேலார் படத்தை வரைந்து கொடுத்துவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பொட்டுகூட இல்லாத படம். மற்ற நாலு பேரும் பயத்தில் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். எம்.டி. அதைத் தன் மேசையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாரம் போயிற்று. இரண்டு வாரம் போயிற்று. மூக்குக் கண்ணாடி வந்தது, பிறகு பூதக்கண்ணாடி வந்தது, பிறகு பம்புகள் பற்றிய மூன்று தடிப் புத்தகங்கள் வந்தன. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினார்.

வீட்டில் புண் பெரிதாகிக்கொண்டிருந்தது. கட்டு மாற்ற வரும் நர்ஸம்மா மூன்றாவது வாரம் ஸ்கேலாரை வாசலுக்குக் கூப்பிட்டு, "இன்னும் பத்து நாள் இப்படியே போச்சுன்னா ஆஸ்பத்திரியில சேத்துச் சதையை வெட்டி எடுக்கணும். இந்த வயசுல தாங்குவாரான்னு என்னைக் கேக்காதீங்க" என்றாள். உள்ளே அவர் மனைவி வலது தோள் தூக்க வராமல் இடது கையால் சைக்கிள் பம்பை அடித்துக்கொண்டிருந்தாள். "உண்மையைச் சொல்லிட்டேன்னு வந்து பெருமையாச் சொன்னீங்களே, அந்த உண்மையைக் கொஞ்சம் இந்தக் குழாயில ஊதச் சொல்லுங்க" என்றாள். அவள் இந்த மாதிரி பேசுகிறவளே அல்ல.

மறுநாள் ஸ்கேலார் எம்.டி.யின் அறைக்குள் போனார். மனிதர் சவரம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது.

"ஒண்ணுமே கிடைக்க மாட்டேங்குது" என்றார் எம்.டி.

"ஒண்ணும் இல்லை சார். கையெழுத்துப் போட்டுடுங்க. எங்க மாமாவுக்கு ரொம்ப முடியல."

"தெரியும். அதனாலதான் பயப்படறேன். நான் கண்டுபிடிக்கலங்கறதுக்காக இல்லேன்னு ஆயிடுமா? போன தடவை கண்ணை மூடிக்கிட்டுப் போட்டு என்ன ஆச்சு? உங்க மாமனார் படுக்கப்போற மெத்தை. அவசரப்பட்டு ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?" சொல்லிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நான் படிச்சது காமர்ஸ். பம்பு பத்தி எனக்கு ஏதோ தெரியும்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். ஒண்ணே ஒண்ணு. ஒரே ஒரு தப்பு, நானா கண்டுபிடிச்சாப் போதும்."

ஸ்கேலாருக்கு அவரை அறையலாம் போலவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. குனிந்து, மேசையில் கிடந்த படத்தைத் தடவிப் பார்த்தார்.

"படம் மங்கிப் போச்சு சார். கண்ணுக்குக் கஷ்டமா இருக்கும். புதுசா ஒரு பிரதி எடுத்துத் தரேன்."

தன் இடத்துக்கு வந்து ஒரே ஒரு வேலை செய்தார். மூடியைப் பக்கவாட்டில் காட்டும் படத்தில் நாலு திருகாணி என்றிருந்தது. மேலிருந்து காட்டும் படத்தில் ஒன்றை அழித்து மூன்றாக்கினார். அரை நிமிஷ வேலை. கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

டீ ஆறுவதற்குள் எம்.டி.யின் அறைக் கதவு படாரென்று திறந்தது.

"நாலு இங்க! மூணு அங்க!" படத்தைக் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு ஹாலுக்கே ஓடி வந்தார். "மூணு வாரமா கண்ணு முன்னாடியே இருந்திருக்கு! பாக்கவே இல்லையே!" எல்லோரும் எழுந்து நின்றார்கள். எம்.டி. ஸ்கேலாரின் மேசை முன்னால் வந்ததும் சட்டென்று முகம் மாறி நின்றார்.

"இதை நீங்க வேணும்னு வெக்கலையே?"

"இல்ல சார். நான் கவனிக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா சார்."

"உங்க மாமனார் மேல?"

பரீட்சை எழுதிவிட்டு வந்த பிள்ளை மாதிரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார் எம்.டி. பின்னால் ஃபோர்மேன் வாசலில் நின்றபடி தரையைப் பார்த்தார்.

"எங்க மாமா மேல சத்தியமா சார்" என்றார் ஸ்கேலார்.

எம்.டி. அந்த மேசையிலேயே குனிந்து, கண்ணைத் திறந்துகொண்டு, தப்பைச் சுழித்து, கையெழுத்துப் போட்டார்.

மூன்றாம் நாள் சாயங்காலம், புதுப் படத்தின்படி செய்த முதல் பம்பு வீட்டுக்கு வந்தது. கட்டிலுக்கு அடியில் வைத்து சுவிட்சைப் போட்டதும் மெத்தை மெதுவாக எழும்பி, மாமனாரின் முதுகைத் தாங்கிக்கொண்டது. "ஓடுதா மாப்ளே? சத்தமே காணோம்" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் தூங்கிவிட்டார். அவர் அப்படித் தூங்கி எத்தனையோ நாளாயிற்று. மனைவி கையை மடியில் போட்டுக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்துபோய்த் தையல் மெஷின் மேலிருந்த துணியை எடுத்தாள்.

ஸ்கேலார் முக்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலருகே உட்கார்ந்தார். அளவைத் தவிர வேறெதையும் நம்பாத மனிதர். பொய்ச் சத்தியம் பலிக்கும், அது இது என்று சொல்கிறவர்களைக் கேலி செய்தே பழக்கப்பட்டவர். பம்பின் மேல் கையை வைத்துப் பார்த்தார், ஓடிக்கொண்டிருந்தது. மெத்தையை அழுத்திப் பார்த்தார், சரியாக இருந்தது. பிறகு மனைவி பார்க்கிறாளா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, மாமனாரின் மூக்கருகே விரலைக் கொண்டுபோனார்.

"இருக்கேன் மாப்ளே" என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே. "போய்ச் சாப்பிடுங்க."

ஸ்கேலார் போய்ச் சாப்பிட்டார். பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்து மறுபடியும் பார்த்துவிட்டுப் போனார்.